மோச்சியைத் தூக்கிய கைகள்

போன வருடம் தீபாவளி முடிந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுங்காய் என்ற ஊருக்கு வெளியே, பெரிய சாலையோரம் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், கொட்டும் மழையில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒரு மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டுவது எனக்குப் புதிதல்ல. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டுகிறேன், தொண்டை பழகிவிட்டது. ஆனால் அன்றைக்குப் பேசியதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் வீட்டு நாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீடு தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறது. நான், மனைவி, இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கும் மகள், மூன்றே பேர். என் வேனில் வந்துகொண்டிருந்த ஒரு சீனப் பிள்ளையின் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனது. அந்தப் பிள்ளையின் அம்மா, எங்கள் நாயை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஏதோ சாதாரண நாயாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாக, புசுபுசுவென்று முடியோடு, காலண்டர் படத்தில் இருப்பது போல ஒன்று நிற்கிறது. பார்டர் கோலி என்றார்கள். ஆடு மேய்க்கப் பிறந்த இனமாம். பெயர் மோச்சி. இவ்வளவு அழகான நாய் நம் வீட்டு வாசலில் நின்றால் தாமானே திரும்பிப் பார்க்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வேறு எதையும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

வந்த அன்று சாயங்காலமே அதன் குணம் தெரிந்துபோனது. நான் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி சமையலறையில். மகள் அறைக்குள் போனும் கையுமாக. மோச்சி மூன்று இடத்துக்கும் மாறி மாறி ஓடியது. பிறகு மகளின் குதிகாலை மூக்கால் முட்டி முட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்து விட்டது. சமையலறைக்குப் போய் மனைவியின் கைலியைக் கவ்வி இழுத்தது. என்னையும் ஒரு வழியாக உள்ளே தள்ளி, மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தரையில் படுத்தது. படுத்தும் கண்ணை மூடவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, பெரட்டு எடுக்குது!" என்று மனைவி சிரித்தாள். அவள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். விடியற்காலையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி ஆள் கணக்கு எடுப்பதைத்தான் அங்கே பெரட்டு என்பார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் பெரட்டுதான். யாராவது ஒருவர் குளிக்கப் போனால்கூட, கணக்கில் ஆள் குறைகிறது என்று குளியலறைக் கதவைப் பிறாண்டும்.

அதற்குக் களைப்பு என்ற ஒன்றே கிடையாது. பந்தைப் போட்டால் ஐம்பது தடவை எடுத்துவரும்; ஐம்பத்தோராவது தடவை என் கைதான் வலிக்கும். சும்மா விட்டால் அதுவாகவே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். துணிக்கொடியில் காயும் துணியை இறக்கி ஒரே இடத்தில் குவித்து வைப்பது, கேட்டுக்கு வெளியே போகும் மோட்டார் சைக்கிளையெல்லாம் உள்ளேயிருந்து விரட்டுவது, இப்படி. மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்பாள்: "நான் சமைக்கிறதா, இதோட கபடி ஆடுறதா?"

மகள்தான் இணையத்தில் படித்துப் பார்த்துச் சொன்னாள். இந்த இனத்துக்குத் தினமும் நன்றாக ஓட வேண்டும். ஓட்டம் மட்டும் போதாது, மூளைக்கும் வேலை கொடுக்க வேண்டும். சரி என்று விடியற்காலை ஐந்தரைக்குத் திடலுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வீட்டுக்கு வந்து பசியாறிவிட்டு வேனை எடுப்பேன். மகள் அதற்கு ஆளுக்கேற்ற செருப்பை எடுத்துவரக் கற்றுக்கொடுத்தாள். அப்பா செருப்பு என்றால் என்னுடையது, அம்மா செருப்பு என்றால் மனைவியுடையது. ஒரு தடவையும் மாறாது. என் தொந்தி கொஞ்சம் இறங்கியது. கூட வேன் ஓட்டும் நண்பர்களிடம் மோச்சியின் வீடியோவைக் காட்டிக்காட்டிப் பீற்றிக்கொள்வேன். "என் புள்ள மாதிரிலா" என்று சொல்வேன். அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மனைவியின் அண்ணன், என் மச்சான், சுங்காய்ப் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் இருக்கிறார். ஒரு காலத்தில் ரப்பர் எடுக்கும் பால்மரக் காடு. இப்போது எல்லாம் எண்ணெய்க்குப் பயிரிடும் செம்பனை. பதினாறு மாடு வைத்திருக்கிறார். முதல் தடவை மோச்சியை அங்கே கூட்டிப்போனபோது அது மாடுகளைப் பார்த்ததும் வயிறு தரையில் பட அப்படியே பதுங்கியது. கண் மட்டும் அசையவில்லை.

"என்ன மாப்ள, உங்க மொச்சை பாம்பு மாதிரி ஊருது!" என்றார் மச்சான். அவர் வாயில் மோச்சி வரவே இல்லை, மொச்சைதான். அவர் "ஹை, ஹை" என்று குரல் கொடுத்ததும் அது பாய்ந்து போய் மாடுகளைச் சுற்றி வளைத்து நடத்த ஆரம்பித்தது. நாங்கள் கை தட்டிச் சிரித்தோம். அடுத்தடுத்துப் போனபோதும் அதே விளையாட்டு. மாட்டை எப்படி விரட்டுவது என்று அது பழகிக்கொண்டது. எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தெரியவும் தெரியாது.

தீபாவளி நெருங்கிய சமயத்தில் எனக்கு இன்னொரு வேலை கிடைத்தது. ஒரு தொழிற்சாலையின் காலை ஷிப்ட் ஆட்களை ஐந்தரைக்கே ஏற்றிப்போக வேண்டும். திடல் நேரம் அதில் போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. மோச்சியை வேன் நிறுத்தும் இடத்தில் சங்கிலி போட்டுக் கட்டினோம். அது முதலில் குரைத்தது. பிறகு என் வேனின் ஒரு இருக்கையைக் கடித்துக் குதறியது. அப்புறம் தன் முன்னங்காலையே நக்கி நக்கி முடி உதிர்ந்து தோல் சிவந்துபோனது.

"அப்பா, பத்து நிமிசமாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று மகள் தினமும் கெஞ்சினாள். அவளாகக் கூட்டிப்போக முடியாது. சாலையில் ஒரு மோட்டாரைப் பார்த்தால் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

ஒரு நாள் எரிச்சலில் கத்திவிட்டேன். "நேரத்துக்குச் சோறு போடுறோம்ல? நாய்க்கு வேற என்ன வேணும்?" மகள் அதன்பிறகு என்னைக் கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானின் பேத்திக்குக் காதுகுத்து. மோச்சியைத் தனியாக வீட்டில் விட முடியாது என்று வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். போன பிறகுதான் சங்கிலியை வீட்டிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. கூடாரம் நிறைய ஆட்கள், சின்னப் பிள்ளைகள். மோச்சி பிள்ளைகளின் குதிகாலை முட்டி ஒரு மூலையில் சேர்க்க ஆரம்பித்தது. ஒரு குழந்தை பயந்து அழுதது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. அங்கே கிடந்த ரேஃபியா என்ற மெல்லிய பிளாஸ்டிக் கயிற்றை எடுத்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரத்தில் மோச்சியைக் கட்டினேன்.

"அந்தக் கயிறு தாங்காது மாப்ள. நல்ல கயிறு எடுத்துத் தரேன், இருங்க" என்றார் மச்சான்.

"அதெல்லாம் தாங்கும் மச்சான், நீங்க வந்தவங்களக் கவனிங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

நாலு மணிக்கு மழை இறங்கியது. மகள் போய்ப் பார்த்தபோது மரத்தில் கடித்த கயிறுதான் தொங்கியது. கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்க வேண்டிய மாடுகளையும் காணவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார். "மோச்சி! மோச்சி!" என்று மகள் செம்பனை வரிசைகளுக்கு நடுவே அழுதுகொண்டே ஓடினாள். அந்த நேரத்தில்தான் பெரிய சாலைப் பக்கமிருந்து லாரி ஹாரன் விடாமல் கேட்டது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

மகளை ஏற்றிக்கொண்டு வேனை விரட்டினேன். சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று குறுக்காக நின்றது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் முன்னால், வாடிக்கையாளர் கார் நிறுத்தும் இடத்தில், மச்சானின் மாடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மோச்சி எங்கும் தெரியவில்லை. சாலையைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. மகள்தான் கடைக்குப் பின்னால் ஓடி, "அப்பா, இங்க!" என்று கத்தினாள்.

போனேன். மோச்சி ஒரு தூணில் கட்டிக் கிடந்தது. உடம்பெல்லாம் சேறு. பின்னங்கால் பாதத்திலிருந்து ரத்தம் ஒழுகியது. அதற்கு நாலு முழம் தள்ளி, குழாயடியில், கடைக்காரர் குந்தியிருந்தார். அறுபது வயதிருக்கும். தமிழ் முஸ்லிம், தலையில் வெள்ளைத் தொப்பி. சட்டையைக் கழற்றிவிட்டு, கை, கழுத்து, நெஞ்சு என்று சேற்று மண்ணைக் குழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வாளியில் தண்ணீரோடு நின்றார்.

அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். நாயின் எச்சிலோ ஈர உடம்போ பட்டால், மண் கலந்த தண்ணீரால் ஒரு முறையும் நல்ல தண்ணீரால் ஆறு முறையும் கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய முறை. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டுதான்: என் நாயின் காலில் ரத்தம், அதைத் தொட்டதற்காக ஒரு மனிதர் தோல் உரியத் தேய்த்துக்கொள்கிறார்.

"நாயத் தொட்டா அவ்ளோ அருவருப்பா இருக்கா பாய்?" என்று ஆரம்பித்தேன். "வாயில்லாத ஜீவனப் போட்டு அடிச்சிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா? புடிக்கலன்னா விரட்டி விட வேண்டியதுதானே! காலு ஒடையிற அளவுக்கா அடிப்பாங்க?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவருடைய மதத்தையும் இழுத்தேன். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மனைவி தண்ணீர் ஊற்ற ஊற்ற, உதடு அசைய எண்ணிக்கொண்டு கழுவினார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் நாலாவது முறை கழுவிக்கொண்டிருந்தார்.

வாளி தரையில் டமாரென்று இறங்கியது. அந்த அம்மாதான்.

"பேசி முடிச்சிட்டீங்களா தம்பி? இப்ப நான் பேசவா?" என்று எனக்கு நேரே வந்து நின்றார். "ஒங்க நாயி மாட்டயெல்லாம் ரோட்டுல கொண்டாந்து விட்டுடுச்சு. மாடு இந்தப் பக்கம் வந்துருச்சு. ஒரு கன்னுக்குட்டி மட்டும் நடு ரோட்டுல நிக்குது. அத விட்டுட்டு வர மாட்டேன்னு ஒங்க நாயி அதயே சுத்திச் சுத்தி வருது. அங்க லாரி வருது. மழையில பிரேக் புடிக்கல. இவரு தட்டப் போட்டுட்டு ஓடுனாரு தம்பி! நான் கத்துறேன், கேக்கல. கன்னுக்குட்டியத் தள்ளி விட்டுட்டு ஒங்க நாயத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் ரோட்டோரக் கால்வாயில விழுந்தாரு. அந்தக் காலு கால்வாய் சிமெண்டுல பட்டுக் கிழிஞ்சது. யாரும் அடிக்கல."

லாரி ஓட்டி வந்த மலாய்க்காரர் படியில் உட்கார்ந்து, தேநீரைக் குடிக்காமல் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அந்த அம்மா விடவில்லை. "ஒரு சாண் தம்பி. ஒரே சாண். ஒங்களுக்கு நாயி போயிருக்கும். எனக்கு யாரு போயிருப்பாங்க? சொல்லுங்க!"

"விடு, விடு" என்றார் அவர். "இன்னும் மூணு இருக்கு, ஊத்து."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாளியை எடுத்தார். அஞ்சு. ஆறு. ஏழு. நான் மழையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய முழங்கையும் சிராய்ந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் காயத்தின் மேல்தான் அத்தனை முறையும் தேய்த்திருக்கிறார்.

அவர் எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "பரவால்ல தம்பி. வளத்த பாசம், ரத்தத்தப் பாத்தா கோவம் வரத்தான் செய்யும். இது அருவருப்பு இல்ல, எங்க முறை. தொழுவப் போவணும்ல, அதான்" என்றார். பிறகு மோச்சியின் பக்கத்தில் குந்தி அதன் முடியைக் கோதிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். "நல்ல நாயிமா. புத்தியுள்ள நாயி. எப்படிக் கட்ட அவுத்துக்கிட்டு வந்துச்சு?"

மகள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "மூணு வாரமா கட்டியே போட்டிருந்தோம் அங்கிள். அப்பாவுக்கு நேரமில்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த அம்மா திட்டியதைவிட அதுதான் எனக்கு உறைத்தது. உண்மையில் நான் அங்கே வந்து இறங்கும்போதே யார் தப்பு என்று எனக்குத் தெரியும். மரத்தில் தொங்கிய கயிற்றைப் பார்த்தபோதே தெரியும். அந்தத் தப்பை எங்கேயாவது இறக்கி வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. எதிரில் கிடைத்தவர் தலையில் போட்டுவிட்டேன்.

மச்சான் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் எனக்கும் மகளுக்கும் தேநீர் கொடுக்கச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லும் தகுதிகூட எனக்கு இல்லை என்று தோன்றியது, குடித்தேன். மோச்சியின் முன்னால் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அதையும் அவர்தான் வைத்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கவில்லை. "வாரேன் பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோச்சியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தேன். மழையும் சேறும் என் சட்டையில் அப்பின. எனக்குக் கழுவ வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஈப்போவில் மிருக மருத்துவரிடம் காட்டி ஐந்து தையல் போட்டோம். அந்தத் தொழிற்சாலை வேலையை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மகள் விடியற்காலையில் என் கட்டிலருகே வந்து நின்றாள். எழுந்து உட்கார்ந்தால் என் செருப்பை மோச்சி வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நொண்டி நிற்கிறது. நான், மகள், மோச்சி மூன்று பேருமாகத் திடலுக்குப் போனோம். இப்போது மகள் அதற்கு "நில்" என்ற சொல்லைப் பழக்குகிறாள். மெதுவாகத்தான் படிகிறது.

அதே வாரக் கடைசியில் நான் மட்டும் சுங்காய்க்குப் போனேன். அவர் சந்தைக்குப் போயிருந்தார். கல்லாவில் அந்த அம்மா இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அக்கா, அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. பாய் கால்ல விழுந்துகூட மன்னிப்புக் கேக்கலாம்னுதான் வந்தேன்" என்றேன்.

"அவருகிட்ட கேக்க வேணாம் தம்பி. அவரு அன்னைக்கே மறந்துட்டாரு" என்றார். மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். "எனக்குத்தான் இன்னும் லாரி சத்தம் கேட்டா நெஞ்சு அடிச்சிக்குது. அன்னைக்கு ராத்திரி இவரக் கேட்டேன், கழுவுற வேலை இருக்குன்னு அப்ப ஒங்களுக்கு ஞாபகமே வரலையான்னு. வந்துச்சும்மா, கழுவிக்கலாம்னு நெனச்சேன்னாரு."

நாயோட காலு ஆறிடுச்சா என்று அவரே பேச்சை மாற்றினார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன்.

இன்றும் சில விடியற்காலைகளில் எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கும். மோச்சி கதவருகே நின்று என்னையே பார்க்கும். அப்போதெல்லாம், பிள்ளை மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த என் பாசத்துக்கு அந்த மூன்று வாரம் பத்து நிமிடம்கூட நான் செலவழிக்கவில்லை என்பதும், அதற்குச் சொந்தக்காரரே அல்லாத ஒருவர் "கழுவிக்கலாம்" என்று நினைத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் ஓடினார் என்பதும் நினைவுக்கு வரும், எழுந்துவிடுவேன்.